போதகரின் பணியும் பொறுப்பும்: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போதகர் அல்லன். திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையில் ஒரு சபையின் செயலாளராக 18 ஆண்டுகள் இருந்தவன். அந்தக் காலத்தில் ஐந்து போதகர்களோடு வேலை செய்திருக்கிறேன். திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், கலியாணம் பேச வரும் பெற்றோரும், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களும், எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் இந்து, முஸ்லிம் அயலவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு திருச்சபைக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு என்பதால், வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லியே செல்கிறேன்.

சுவாமி, குருவானவர், போதகர், பாஸ்டர் என்றெல்லாம் சொல்கிறார்களே, எல்லாம் ஒருவரைத்தானா குறிக்கின்றன?

ஏறக்குறைய ஒரே பணியைக் குறிக்கின்றன. ஆனால் அந்தப் பணியைப் பற்றிய விளக்கம் சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கர் பேச்சில் 'சுவாமி' என்றும் 'ஃபாதர்' என்றும் அழைப்பார்கள். எழுத்தில் 'அருட்தந்தை' என்பார்கள். ஒரு பங்கின் பொறுப்பை ஏற்றவர் 'பங்குத்தந்தை'. மெதடிஸ்த, ஆங்கிலிக்கன் சபைகளில் 'போதகர் ஐயா', 'குருவானவர்' என்ற பெயர்கள் வழக்கில் உள்ளன. மெதடிஸ்த சபையில் பல ஆலயங்கள் சேர்ந்த சேகரத்துக்குப் பொறுப்பானவரைச் 'சேகர முகாமைக்குரு' என்கிறோம். பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுயாதீன சபைகளிலும் 'பாஸ்டர்' என்பதே பெரும்பாலும் கேட்கும்.

'பாஸ்டர்' என்ற இலத்தீன் சொல்லுக்கு மேய்ப்பர் என்றுதான் பொருள். நம்முடைய 'ஆயர்' என்ற சொல்லும் முல்லை நிலத்தில் ஆநிரை மேய்த்தவர்களின் பெயர்தான். தமிழ்நாட்டில் தென்னிந்தியத் திருச்சபையார் தங்கள் சபைக் குருவையே ஆயர் என்பார்கள். இங்கே அந்தச் சொல் கத்தோலிக்க மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கும். இந்தியாவிலிருந்து உறவினர் வந்து 'எங்கள் ஆயர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்' என்று சொல்லும்போது இங்குள்ளவர்கள் வியந்துபோவது இதனால்தான்.

கத்தோலிக்கக் குரு திருப்பலி ஒப்புக்கொடுப்பதற்கும் பாவமன்னிப்பு வழங்குவதற்கும் குருத்துவம் என்ற அருட்சாதனத்தால் (திருச்சடங்கால்) அபிஷேகம் பெற்றவர். மெதடிஸ்த, ஆங்கிலிக்கன் போன்ற சீர்திருத்தச் சபைகள் எல்லா விசுவாசிகளும் ஆசாரியரே என்று போதிக்கின்றன. அவர்களுள் வசனத்தைப் பிரசங்கிக்கவும் திருமுழுக்கு, திருவிருந்து ஆகியவற்றை நடத்தவும் சபையால் பிரித்தெடுக்கப்பட்டவரே போதகர். சுயாதீன சபைகளில் தேவ அழைப்புக்கே முதன்மை கொடுக்கப்படுகிறது.

இப்பணியைப் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது?

பலரும் 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். குற்றஞ்சாட்டப்படாதவராகவும், அந்நியரை உபசரிப்பவராகவும், பணஆசை இல்லாதவராகவும், தன் வீட்டை நன்றாக நடத்துபவராகவும் இருக்கவேண்டும் என்ற தகுதிகள் அங்கே வருகின்றன. அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் எபேசு சபையின் மூப்பரை மிலேத்துவுக்கு அழைத்துப் பவுல் கண்ணீரோடு பேசியது உண்டு. மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் அதற்கு மாதிரியாக நடக்கவேண்டும் என்று 1 பேதுரு 5ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

என்னைக் கேட்டால், புதிய போதகர் பொறுப்பேற்கும் ஒவ்வொரு நாளும் வாசிக்கவேண்டிய பகுதி எசேக்கியேல் 34. மந்தையை விட்டுவிட்டுத் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்மேல் தேவன் கோபங்கொள்ளும் அதிகாரம் அது. நோய்கொண்டதைப் பார்க்கவில்லை, காயப்பட்டதற்குக் கட்டுப் போடவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை என்று அவர்கள் செய்யாமல் விட்ட வேலைகள் ஒவ்வொன்றாக அங்கே எண்ணப்படுகின்றன. அந்தப் பட்டியலைத் திருப்பிப் படித்தால் போதகரின் கடமை என்ன என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அதில் மேடையும் ஒலிபெருக்கியும் இல்லை.

ஆட்டுமந்தையைக் காட்டிலும் வள்ளத்தையும் வலையையுமே கண்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு நான் வேறு விதமாகவும் விளக்குவதுண்டு. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுக்கும்போது, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்துக் குரல்கொடுக்க ஒருவர் நிற்பார். அவர் குரலுக்கு எல்லோரும் கட்டுப்படுவது, அவருக்குக் கடலைத் தெரியும் என்பதாலும் வலை கனக்கும்போது அவரும் வந்து கயிற்றைப் பிடிப்பார் என்பதாலுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துகிறார். மற்ற ஆறு நாளும் அவருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத இளைஞர் குறைவு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் ஜெபமும் வாசிப்பும். அதன்பின் போதகர் குடியிருக்கும் மிஷன் வீட்டு விறாந்தையில் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள்: வேலைக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டு ஒருவர், மகனுக்குப் பாடசாலை அனுமதிக்காக ஒருவர், நுண்கடன் தவணை கட்டமுடியாமல் அழுதபடி ஒரு தாய். பிறகு பொது வைத்தியசாலையில் நோயாளர் சந்திப்பு. பின்னேரத்தில் வீட்டு ஜெபக்கூட்டம், வாலிபர் கூட்டம், பாடகர் குழுப் பயிற்சி, நிருவாகக் குழு. வாரத்துக்குள் ஒரு மரணம் வந்துவிட்டால் இந்த ஒழுங்கு முழுவதும் மாறிவிடும்.

வெளியே தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. அது பதிவேடுகளைப் பாதுகாப்பது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் எங்கள் சபைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். காலங்கடந்து பிறப்பைப் பதிவதற்குத் திருமுழுக்குப் பதிவின் பிரதி ஒரு துணைச் சான்றாக உதவும். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்ணொருவருக்காக எங்கள் போதகர் இரும்பு அலுமாரியைத் திறந்து, ஓரம் செல்லரித்த பழைய பதிவேட்டை மேசையில் விரித்து, மங்கிப்போன எழுத்தின்மேல் குனிந்து ஒரு மணித்தியாலம் தேடினார். பெயர் அகப்பட்டபோது அந்தப் பெண் தன் தாயின் பெயர் எழுதியிருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். குடும்பப் படம் ஒன்றுகூட மிஞ்சாத அவரிடம் தாயின் பெயர் எழுதிய கடதாசி என்று அன்றுதான் ஒன்று கிடைத்தது.

பிரசங்கம் தயாரிப்பதற்கு நேரம் வேண்டுமா?

வேண்டும், நிறையவே வேண்டும். கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் மூன்று ஆண்டுச் சுற்றாக வாசகங்கள் வகுக்கப்பட்டிருப்பதால் போதகர் தமக்குப் பிடித்த பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பிரசங்கிக்க இயலாது. இது சபைக்குப் பெரிய பாதுகாப்பு. அந்த வாரத்தில் சபையார் பட்ட பாட்டை அறியாமல் எழுதப்பட்ட பிரசங்கம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் வாங்குக்கு மேலேயே நின்றுவிடும். ஆகவே பிரசங்கத் தயாரிப்பின் பாதி வீட்டுச் சந்திப்பிலேயே நடந்துவிடுகிறது.

வீட்டுச் சந்திப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்? தொலைபேசி போதாதா?

போதாது. தொலைபேசியில் 'சுகமாக இருக்கிறோம் ஐயா' என்று சொல்பவரின் வீட்டுக்குப் போனால்தான் அடுப்பு மூட்டப்படாதது தெரியும்.

ஒரு மாரி காலத்தில் போதகரோடு நானும் கடற்கரையோரக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். வாடைக்காற்று தொடங்கி, கடல் குழம்பி, வள்ளங்கள் எல்லாம் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த நேரம். அந்த வீட்டுக்காரர் மூன்று கிழமையாக ஆலயத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்க வாயெடுத்தபோது போதகர் என் கையை மெல்ல அழுத்தினார். பாயில் இருந்தார், கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார், கூரையிலிருந்து ஒழுகும் நீருக்காக வைத்திருந்த சட்டி நிறைந்தபோது தாமே எழுந்து வெளியே ஊற்றிவிட்டு வந்தார். அரை மணித்தியாலம் வலையைப் பற்றியும் மழையைப் பற்றியுமே கதைத்தார்கள். நாங்கள் எழும்பும் நேரத்தில்தான் அந்த மனிதர், மனைவியின் நகையை அடகு வைத்துக் குடித்துவிட்டதாகவும் ஆலயத்தில் முகம்காட்ட வெட்கமாக இருப்பதாகவும் சொன்னார். போதகர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அன்று எங்களுக்கு வேறு மூன்று வீடுகள் இருந்தன, ஒன்றுக்கும் போகவில்லை.

நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கிறார் என்று யோவான் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. பெயர் தெரிவதற்கு வீடு தெரியவேண்டும் என்றே நான் நம்புகிறேன். தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் பிரசங்கிப்பவர் நன்றாகப் போதிக்கலாம். ஆனால் நீங்கள் மூன்று கிழமை வராமல் இருந்தது அவருக்குத் தெரியாது.

மரண வீட்டில் போதகரின் கடமை என்ன?

செய்தி கிடைத்ததும் போவது. சேமக்காலையில் நல்லடக்க ஆராதனை நடத்துவது எல்லோருக்கும் தெரிந்த கடமை. அதைவிட முக்கியம் முதல் ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் எந்த வசனத்தைச் சொல்வது என்பது பெரிதல்ல. 'தேவனுடைய சித்தம்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடும் போதகர், பிள்ளையை இழந்த தாயின் மனத்தில் தேவனைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த மட்டும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நத்தார் அலங்காரம் கழற்றப்படாத ஆலயங்களில் காலை ஆராதனைக்கு ஆட்கள் கூடியிருந்தபோதுதான் கடல் வந்தது. அன்று எங்கள் போதகர் அங்கியைக் கழற்றிவிட்டு ஒரு பயிற்சிக் கொப்பியோடு கரைப்பக்கம் ஓடினார். உயிரோடு வந்தவர் யார், காணாதவர் யார், யாருடைய பிள்ளை யாருடைய வீட்டில் நிற்கிறது என்று அன்றிரவு வரை எழுதினார். சைவரோ, இஸ்லாமியரோ, கிறிஸ்தவரோ என்று அந்தக் கொப்பியில் பிரிவு இல்லை. அதன்பின் வந்த நாட்களில் பெயர் தெரியாத உடல்களுக்கும் ஜெபம் செய்யும் நிலை வந்தது. மரணத்தின் நடுவே ஒரு போதகர் என்ன செய்யவேண்டும் என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கொப்பிதான் நினைவுக்கு வரும்.

முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவு முதலியவற்றுக்கு வருவதும் வழக்கம். இவற்றுக்கு இடையிலுள்ள வெறும் நாட்களில், உறவினர் எல்லாம் போய்விட்ட பிறகு ஒருமுறை எட்டிப்பார்ப்பது அதிலும் பெரிது.

திருமணத்தைப் போதகரே சட்டப்படி நடத்தலாமா?

நடத்தலாம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பதிவுசெய்யப்பட்ட வழிபாட்டிடத்தில் குருவானவர் ஒருவர் திருமணத்தை நிறைவேற்றலாம். அதற்கு முன்னர் மணமக்கள் பதிவாளரிடம் திருமண அறிவித்தல் கொடுத்து அதற்குரிய சான்றிதழைப் பெற்றிருக்கவேண்டும். இருவருக்கும் 18 வயது பூர்த்தியாகியிருப்பதும், இருவரும் மனமொத்து வந்திருப்பதும் கட்டாயம். வயதைக் கூட்டிச் சொல்லி 'ஆசீர்வாத ஜெபம் மட்டும் செய்துவிடுங்கள் ஐயா' என்று கெஞ்சும் பெற்றோருக்குப் போதகர் இடங்கொடுக்கவே கூடாது. சீதனப் பேச்சு எல்லை மீறும்போது அதையும் துணிந்து கண்டிக்கவேண்டும். நம் பகுதியில் பல போதகர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவது எனக்கு வருத்தம்.

நோயாளிக்குப் போதகர் ஜெபித்தால் போதுமா, மருந்து தேவையில்லையா?

இரண்டும் வேண்டும். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லவேண்டும் என்று யாக்கோபு 5ஆம் அதிகாரம் கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் இது நோயில்பூசுதல் என்ற அருட்சாதனம். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்தப் போதகருக்கும் இல்லை. நீரிழிவுக்காரரை இன்சுலினை விட்டுவிட்டு விசுவாசிக்கச் சொல்பவர் விசுவாசத்தைக் காட்டவில்லை, பிறர் உயிரைப் பணயம் வைக்கிறார். மனநோய் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. தூக்கமின்மை, பயம், சாக நினைப்பது ஆகியவற்றையெல்லாம் பிசாசின் வேலை என்று ஒதுக்கிவிடாமல் மனநல வைத்தியரிடம் அனுப்பவேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இதைப் போதகர் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

போதகரிடம் சொன்னதை அவர் வேறு யாரிடமும் சொல்லமாட்டாரா?

சொல்லக்கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவின்படி ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதை எக்காரணத்தாலும் வெளியிட முடியாது. அந்த முத்திரை மீறமுடியாதது. மற்றச் சபைகளிலும் தனியாகச் சொன்னது தனியாகவே இருக்கவேண்டும். மனைவியிடமும் சொல்லக்கூடாது, பிரசங்கத்தில் 'நமது சபையில் ஒரு குடும்பம்' என்று தொடங்கி ஊருக்கே அடையாளம் காட்டவும் கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பரவும் வம்பு சபைகளை உடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு விடயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று ஆலோசனையின்போது தெரியவந்தால், போதகர் 'குடும்ப மானம்' பார்த்து மூடிவைக்கக்கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் அதற்கென்றே இருக்கிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணை 'பொறுத்துப் போம்மா' என்று திருப்பியனுப்புவதும் மேய்ப்புப் பணி ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். போதகர் அவரோடு கூடப் போய் நிற்கவேண்டும்.

காணிக்கையும் தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) போதகருக்கா போகின்றன?

மெதடிஸ்த, ஆங்கிலிக்கன் சபைகளில் காணிக்கை சபையின் பணம். அதைப் பொருளாளர் வைத்திருப்பார், கணக்காய்வு நடக்கும், போதகருக்குத் திருச்சபை வகுத்த உதவிச் சம்பளம் கிடைக்கும். கத்தோலிக்கப் பங்குகளிலும் நிதிக் குழு உண்டு. சுயாதீன சபைகள் பலவற்றில் போதகரின் குடும்பம் விசுவாசிகளின் தசமபாகத்தை நம்பியே வாழ்கிறது. சுவிசேஷத்தை அறிவிப்பவர்கள் அதனாலே பிழைக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரம் சொல்வதால் இதில் தவறில்லை. பவுல் கூடாரம் செய்து பிழைத்ததைப் பின்பற்றி, பகலில் தொழில் செய்து மாலையில் ஊழியம் செய்பவர்களும் திருமலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய களைப்பைச் சபையார் அறிவது அவசியம்.

என் இளவயதில் நாங்கள் போய்வந்த ஒரு சபையில் உண்டியலைத் திறந்தவர், எண்ணியவர், செலவழித்தவர் எல்லாம் ஒருவரே. கணக்குக் கேட்ட என் தகப்பனாருக்கு 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை வைக்காதே' என்று பதில் வந்தது. தாவீது சவுலைக் கொல்லாமல் விட்ட கதையிலிருந்து எடுத்த வார்த்தை அது. வரவு செலவுக் கணக்குக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. தகப்பனார் அதன்பின் நெடுங்காலம் எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. ஆகவே நான் செயலாளரானதும் கேட்டுக்கொண்ட முதல் ஒழுங்கு இதுதான்: ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்தின் உள்ளேயே, உறவினர் அல்லாத இருவர் காணிக்கையை எண்ணிக் கையெழுத்திடவேண்டும், போதகர் அந்த மேசைப் பக்கம் வரக்கூடாது. இது அவரைச் சந்தேகிப்பதல்ல, அவருடைய பெயரைக் காப்பது.

போதகர் ஆவதற்கு என்ன படிக்கவேண்டும்? பெண்கள் ஆகலாமா?

கத்தோலிக்கக் குருமாணவர்கள் பல ஆண்டுகள் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயில்கிறார்கள். கண்டி அம்பிட்டியவில் தேசிய குருமடமும் யாழ்ப்பாணத்தில் புனித சவேரியார் குருமடமும் உள்ளன. மெதடிஸ்த, ஆங்கிலிக்கன், பப்ரிஸ்ற் சபைகளின் ஊழியர் பலர் 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். அங்கே தமிழ், சிங்கள மாணவர்கள் ஒரே வளாகத்தில் வாழ்ந்து படிப்பது பின்னாளில் திருமலை போன்ற ஊரில் பணிசெய்ய மிகவும் உதவும். நீர்கொழும்பிலிருந்து பருவத்துக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்யும் சிங்களக் கத்தோலிக்க மீனவர் இங்கே உண்டு, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பங்களும் உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆண்கள் மட்டுமே குருக்களாகலாம். அவர்கள் மணம் செய்வதில்லை. மெதடிஸ்த, ஆங்கிலிக்கன் திருச்சபைகள் இலங்கையில் பெண்களுக்கும் குருப்பட்டம் அளிக்கின்றன. எங்களுக்குப் பெண் போதகர் ஒருவர் வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். பிரசவ அறைக்கும், கணவனை இழந்தவர்களின் வீடுகளுக்கும், தனியாக வாழும் பெண்களிடமும் அவரால் சென்றடைய முடிந்த தூரம் வேறு யாராலும் முடியவில்லை என்பதை இப்போது நன்றியோடு எழுதுகிறேன்.

நல்ல போதகரை ஏன் இடம் மாற்றுகிறார்கள்?

சபை ஒரு மனிதரைச் சுற்றி வளரக்கூடாது என்பதற்காக. வலிக்கும், ஆனாலும் சரியான ஒழுங்கு.

போதகரின் குடும்பத்தாரும் ஊழியர்தானா?

அல்லர். போதகரின் மனைவி பாடகர் குழுவையும் மாதர் சங்கத்தையும் நடத்தவேண்டும், பிள்ளைகள் எல்லோருக்கும் மாதிரியாக இருக்கவேண்டும் என்று நாம் எழுதாத ஒப்பந்தம் ஒன்றை அவர்கள்மேல் சுமத்துகிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடசாலையையும் நண்பர்களையும் விட்டுவிட்டு வரும் அந்தப் பிள்ளைகளுக்குத் திருமலையில் கடற்கரைக்கு விளையாடக் கூட்டிச்செல்ல ஒரு வீடு இருந்தாலே பெரிய உதவி. வாரத்தில் ஒருநாள் போதகருக்கு ஓய்வு வேண்டும். அந்த நாளில் மிஷன் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர் நடுவே போதகர் எப்படி நடந்துகொள்ளவேண்டும்? மதம் மாற்றுவதா அவர் வேலை?

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது; 14(1)(உ) உறுப்புரை வழிபடவும் போதிக்கவும் உரிமை தருகிறது; 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடத்தைக் கொடுக்கும் அதேவேளை இந்த உரிமைகளையும் உறுதிசெய்கிறது. ஆகவே தன் விசுவாசத்தைச் சொல்வது ஒருவரின் உரிமை. எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

திருமலையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் கோணேசர் கோயில் நிற்கும் மலையைப் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து அங்கே கோட்டை கட்டினார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவர்கள் செய்த காரியம் அது. அதை மறைத்துவிட்டு, சைவ அயலவரிடம் அன்பைப் பற்றிப் பேச ஒரு போதகரால் இயலாது. நடந்தது பாவம் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்கமுடியும். தேர் வரும் வீதியில் ஆலய ஒலிபெருக்கியைத் தணிப்பதும், கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு காலத்தில் நடக்கும் கூட்டங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஒழுங்குசெய்வதும் சிறு காரியங்களாகத் தெரியலாம். இந்தச் சிறு மரியாதைகள் பழகியிருந்ததனால்தான் ஆழிப்பேரலை வந்தபோது ஒருவர் கதவை ஒருவர் கூச்சமின்றித் தட்டமுடிந்தது.

உதவியைக் கொடுத்து ஞானஸ்நானத்தைக் கேட்பது சுவிசேஷத்தை விற்பது. அரிசிப் பொதிக்கும் ஆலய வருகைக்கும் முடிச்சுப் போடும் எவரையும் நான் போதகர் என்று அழைக்கமாட்டேன். அதேவேளை, ஒருவர் தானாக மனம்திரும்பி வந்தால் அவரை ஏற்பதற்குப் பயப்படவும் தேவையில்லை. ஆனால் அவருடைய பெற்றோரை வெறுக்கச் சொல்லிக் கொடுக்கக்கூடாது.

போதகர் அரசியல் பேசலாமா?

பிரசங்க பீடத்திலிருந்து ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்கக்கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் பிரிவும் குருக்கள் அரசியற் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதைத் தடுக்கிறது. ஆனால் காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் வாங்கில் இருக்கும்போது அவளுடைய கேள்வியை அரசியல் என்று ஒதுக்க முடியாது. யுத்த காலத்தில் குருக்கள் இதற்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். முருங்கனில் பணியாற்றிய மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் கொல்லப்பட்டார். கிழக்கு மாகாணத்தில் நெடுங்காலம் பணிசெய்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போனார். மக்களை விட்டுப் போவதற்கு வழி இருந்தும் போகாமல் இருந்தவர்கள் அவர்கள்.

போதகர் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது?

முதலில் அவரிடமே, தனியாக. தீராவிட்டால் கத்தோலிக்கர் மறைமாவட்ட ஆயரிடமும், மெதடிஸ்தர் சேகர, மாவட்டத் தலைமையிடமும், மற்றவர்கள் தங்கள் மூப்பர் குழுவிடமும் எழுத்தில் கொடுக்கலாம். மேலே கேள்வி கேட்க ஒருவரும் இல்லாத சபையில் சேருமுன் இருமுறை யோசியுங்கள். பணத்தையோ பிள்ளைகளையோ பெண்களையோ பற்றிய குற்றமானால் சபைக்குள்ளே முடிக்கப் பார்க்காமல் பொலிசுக்குப் போகவேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று அடக்குபவர்கள் இரண்டாவது பிள்ளையையும் பலிகொடுக்கிறார்கள்.

போதகரை எந்த நேரத்தில் அழைக்கலாம்?

கூட்ட ஒழுங்கு, கடிதம், சான்றிதழ் போன்றவற்றுக்குப் பகலில், அவருடைய ஓய்வு நாளைத் தவிர்த்து அழையுங்கள். ஒருவர் மரணத் தறுவாயில் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றாலோ, சாகலாம் என்ற எண்ணம் உங்களுக்கே வந்தாலோ, இரவு இரண்டு மணியானாலும் அழையுங்கள். நள்ளிரவில் தொந்தரவு செய்துவிட்டோமே என்று எங்கள் சபைத் தாயொருவர் மன்னிப்புக் கேட்டபோது எங்கள் போதகர், கைலியோடும் கலைந்த தலையோடும் வாசலில் நின்று, 'அம்மா, இதற்குத்தானே என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளின் திறப்பைத் தேடினார்.